மாத்திரையின் நடுவில் ஒரு கோடு

மச்சான்,

இன்று சாயங்காலம் உம்ம மகள் என் மாத்திரையை இரண்டாக உடைத்தாள். நடுவில் கோடு போட்ட சின்ன மாத்திரை. கட்டைவிரல் நகத்தைக் கோட்டில் வைத்து அழுத்தினாள், டிக் என்று ஒரு சத்தம். எனக்கு இப்போது காது மந்தம். மழை பெய்தாலே யாராவது சொன்னால்தான் தெரிகிறது. ஆனால் அந்த டிக் சத்தம் நன்றாகக் கேட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால், எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துக் கரிசலில் நாம் ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது, தினமும் பொழுது சாயும் நேரத்தில் நீர் எழுப்பிய சத்தம் அல்லவா அது.

உடனே அவளிடம் சொன்னேன், நோட்டை எடுத்துக்கொண்டு வா, உங்க அய்யாவுக்கு ஒரு கடிதம் சொல்லுதேன், எழுது என்று. இடுப்பு எலும்போடு புத்தியும் முறிந்துவிட்டதோ என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் இதை அவள் கையால்தான் எழுத வைத்திருப்பேன். உம்ம மகளாகப் பிறந்து என் மருமகளாக வந்து, நம் இரண்டு பேருடைய கிறுக்குத்தனத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்தானே.

முதலில் என் சங்கதி. போன ஐப்பசி மழையில் கரிசல் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. கம்பி வைத்துத் தைத்துக் கட்டிலில் போட்டார்கள். படுத்த இடத்திலேயே கிடந்ததில் இடது கால் வீங்கிச் சிவந்தது. தொட்டால் சுட்டது. கெண்டைக்கால் கல்மாதிரி இறுகிப்போனது. உமக்கு வந்த அதே நோய்தான் மச்சான். காலுக்குள் ஆழத்தில் ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்து நிற்கிறதாம். வயிற்றில் ஊசி, பிறகு அதே மாத்திரை. எனக்காவது எலும்பு முறிந்து வந்தது. உமக்கு எதனால் வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் பொங்குகிறது.

வடக்கே சூரத்தில் முறுக்கு வியாபாரம் பார்க்கும் மகனைப் பார்க்கப் போனீர். போனது சரி. திரும்பும்போது இரண்டு பகல், இரண்டு ராத்திரி ரயிலில் பையை மடியில் வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் வே என்று கேட்டதற்கு நீர் சொன்ன பதில் மறக்குமா?

“குடிச்சா எந்திரிச்சுப் போணும்லா. கக்கூசுக்குப் போயிட்டு வரதுக்குள்ள எவனாவது என் எடத்துல உக்காந்துட்டான்னா?”

ஜன்னலோர இடத்தைக் கோவில்பட்டி வரைக்கும் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டீர். நாற்பது வருஷம் ஆட்டுக்குப் பின்னால் நடந்த கால் அது. உட்கார்ந்து பழக்கமில்லாத கால். மூன்றாம் நாள் வீங்கியது. சுளுக்கு என்று நீர் சொன்னீர், நானும் நம்பி வேப்பெண்ணெய் போட்டு இரண்டு நாள் உருவிவிட்டேன். அதற்கு மறுநாள் உம்ம மகள் வந்து பார்த்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு உம்மைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். நம் குடும்பத்தில் புத்தி இருந்த ஒரே ஆள்.

டாக்டரம்மா அவளிடம் சொன்னதை அவள் கிடைக்கே வந்து நம் இரண்டு பேருக்கும் மூன்று தடவை சொன்னாள். நடக்கும்போது கெண்டைக்கால் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் தயிர்போல உறையும். அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் வீங்கிய காலை உருவக் கூடாது. மாத்திரை அந்த உறைந்த கட்டியைக் கரைக்காது, மேலும் வளராமல் நிறுத்தி வைக்கும். உடம்புதான் அதை மெதுவாகக் கரைத்துக்கொள்ளும். வீக்கம் வற்றினாலும் மாத்திரையை விடக் கூடாது. கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து, அதை வைத்துத்தான் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கூடிப்போனால் ரத்தம் கசியும், குறைந்துபோனால் மறுபடியும் உறையும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

நீர் ஒவ்வொன்றுக்கும் “சரி தாயி, சரி தாயி” என்று தலையாட்டினீர். காலுக்கு மாட்டக் கொடுத்த இறுக்கமான உறையில் மறுநாளே வெற்றிலையையும் கருப்பட்டியையும் போட்டு உடை முள்மரத்தில் கட்டித் தொங்கவிட்டீர். எறும்பு ஏறாதாம். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நீர் போனதைச் சொல்லிவிடுகிறேன், அதை இவளும் அறிவாள். ஆனி மாசம், வெயில் ஏறி ஆடுகளைக் கிளப்பும் நேரம். கிடைவலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தீர். “மூச்சு எட்டலை வே” என்றீர். வலது விலாவைப் பிடித்துக்கொண்டீர். துப்பிய எச்சிலில் சிவப்பு. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே நீர் என் கையை விட்டுவிட்டீர். காலில் இருந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் இவளுக்கு வந்தது வினை. நீர் சாவதற்கு ஒரு மாசம் முந்தி ரத்தப் பரிசோதனையில், அளவு போதவில்லை என்று ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார்கள் இல்லையா. அதை எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்து உமக்குச் சொன்னவள் இவள். நம் இரண்டு பேரில் எவனுக்கும் எழுத்து தெரியாது, அவள்தான் படிக்க வேண்டும். நீர் போன பிறகு அவளுக்குள் ஒரு புழு புகுந்துகொண்டது. தப்பாகப் படித்துவிட்டேனோ, இரண்டரையை ஒன்றரை என்று சொல்லிவிட்டேனோ என்று. என் மகன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. சீட்டை மருந்துக்கடையில் காட்டிச் சரியென்று கேட்டுக்கொண்டு வந்தாள், அதுவும் ஆறவில்லை. எங்க அய்யா ஒரு நாள் விடாமல் போட்டாரு, அப்படியும் போனாருன்னா நான் சொன்னதுதான் தப்பு என்று ஒரே பிடி.

நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வருஷம் மச்சான். இந்த வீட்டில் இவள் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு, வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்கு எனக்கு ரத்தம் பார்த்தார்கள். எனக்கும் அளவு போதவில்லையாம். சீட்டில் ஒன்றரை என்று எழுதிக் கொடுத்தார்கள். இவள் அதைப் பார்த்தவுடன் முகம் வெளுத்துவிட்டது. மருந்து கொடுக்கிறவரிடம் கேட்டாள். டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டாள். மறுபடியும் மருந்து கொடுக்கிறவரிடம் வந்தாள். அந்த மனிதர் சலித்துப்போய், “ஒண்ணரைதாம்மா, ஒண்ணும் அரையும், போதுமா” என்றார். ஆட்டோவில் வரும்போதும் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். சக்கர நாற்காலியில் போய் வருகிற கிழவன் நான். எனக்காக அவள் அப்படி நடுங்கினாள். அதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் நான் மனுஷனா?

இப்போது எழுது தாயி. சொல்லுவதை அப்படியே எழுது.

மச்சான், உமக்கு மாத்திரை கொடுத்த அதே வாரம், என் வலது கணுக்காலும் வீங்கியது. முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. நீர் ஆஸ்பத்திரிக்கு வாரும் என்று கூப்பிட்டீர். ஆட்டை யார் பார்ப்பது என்று நான் மறுத்தேன். அது பொய். அங்கே பலகை பலகையாக எழுதி வைத்திருப்பார்கள், எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் நிற்க வேண்டும், அந்த வெட்கம்தான். நீர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாம், அல்லது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். உமக்கு அது தோன்றவில்லை. மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர்.

“நடுவுல கோடு போட்டிருக்கான் பாத்தீரா வே.”

அதுக்கென்ன என்றேன்.

“பங்கு வைக்கத்தான். ஒத்த ஆளுக்குன்னா எதுக்குக் கோடு?”

டிக். பாதி உமக்கு, பாதி எனக்கு. கஞ்சியைப் பங்கு வைத்தோம், பீடியைப் பங்கு வைத்தோம், ஒரே கம்பளியில் பாதிப்பாதி படுத்தோம். அந்தப் பழக்கத்திலேயே மருந்தையும் பங்கு வைத்தீர். ஒரே காடு, ஒரே தண்ணி, நோய் மட்டும் வேறயாவா இருக்கும் என்று உமக்கு நியாயம் வேறு. நானும் வாயைத் திறந்து வாங்கி விழுங்கினேன். உம்மை மட்டும் திட்டி என்ன செய்ய.

அளவு போதவில்லை என்று டாக்டரம்மா கேட்டபோது, ஒரு நாள் விடல தாயி என்று சத்தியம் செய்தீரே. ஒரு நாளும் விடவில்லை, உண்மைதான். பாதிதான் போட்டீர் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே. அவர்கள் ஒன்றரை ஆக்கினார்கள். அந்தக் கூடுதல் அரையாவது உம்ம வயிற்றுக்குள் போனதா? “என் வீக்கம் வத்திட்டு, ஒமக்குத்தான் இன்னும் இருக்கு” என்று எனக்கு ஒன்று, உமக்கு அரை. கிடா முட்டி என் தொடை கருநீலமாய்க் கன்றி, பல் விளக்கினால் ரத்தம் வந்தபோது, “மருந்து வேலை செய்யுது வே” என்று சந்தோஷப்பட்டீர். இப்படி ஒரு மனிதனை என்ன செய்வது?

இதையும் கேளும். நீர் போன பிறகு இவள் என்னை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய் என் காலைப் பார்க்க வைத்தாள். குளுகுளு என்று எதையோ தடவிப் பெட்டியில் பார்த்துவிட்டு, வெறும் நரம்புச் சுருட்டுதான், கட்டி எதுவும் இல்லை என்றார்கள். எனக்கு அந்த நோயே இல்லை மச்சான். இல்லாத நோய்க்கு உம்ம மருந்தைத் தின்றிருக்கிறேன்.

இந்த இடத்தில் எழுதும் கை நின்றுவிட்டது. பிறகு கேட்டாள்.

“எத்தனை நாளு மாமா?”

இரண்டு மாசமும் பதினேழு நாளும் என்றேன்.

“ஒண்ணரை ஆக்குன பெறவும் எங்க அய்யா அரைதான் போட்டாரா?”

அரைதான்.

நோட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். தகரப்பெட்டியைத் திறக்கத்தான் போயிருக்கிறாள். மடிப்பு மடிப்பாய்க் கிழியப் பார்க்கும் ஒரு பழைய சீட்டோடு வந்தாள். அதை இன்றைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவினாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் இரண்டிலும் ஒரே கிறுக்கல் இருந்தது எனக்கே தெரிந்தது.

“நான் படிச்சது சரிதான்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சீட்டிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடித்து, “நாலு வருசம் மாமா. ரெண்டு கெழடும் சேந்து என்னை நாலு வருசம் வறுத்து எடுத்துட்டீங்களே” என்றாள். உமக்குச் சேர வேண்டிய பாதித் திட்டையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். நான் சாகும்வரை அவள் இதைச் சொல்லிக் காட்டுவாள். சொல்லிக் காட்டட்டும்.

முழுசாகப் போட்டிருந்தால் நீர் பிழைத்திருப்பீரா என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்யமாட்டார். இவள் தப்பாகப் படிக்கவில்லை என்பதற்கு நான் சத்தியம் செய்கிறேன். இதுவரைக்கும் எழுதியதை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் விடவில்லை.

பிறகு தண்ணீர்ச் செம்போடு வந்தாள். ஒரு முழு மாத்திரை, ஒரு அரை. விழுங்கும்வரை எதிரில் நின்றாள். வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க என்று பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். காலை ஆட்டுங்க, பாதத்தை மேலும் கீழும் அசைங்க என்று என் மந்தக் காதுக்கும் எட்டும்படி அடுப்படியில் இருந்தே அதட்டல் வேறு. ஆட்டிக்கொண்டேதான் மீதியையும் சொல்லுகிறேன், நோட்டோடு திரும்பி வந்து எழுதுகிறாள்.

உடைத்ததில் மீதி ஒரு அரை இருக்கிறது மச்சான். சின்ன டப்பியில் போட்டு என் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி ஒரு அரை மிஞ்சும், அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் படுக்க வேண்டும். டப்பியை ஆட்டினால் சத்தம் வருகிறது. கையில் எடுத்தால் கோட்டின் விளிம்பு விரலில் உரசுகிறது. உமக்கு நீட்டிவிடுவேனோ என்று பயப்படாதீர்.

அது நாளைக்கு எனக்கு.