முகர்ந்து பார்க்க ஓர் ஆள்

வியாழன் இரவு, திண்டிவனம்.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட்டை இன்று நானே மாற்றினேன். அது டேங்க்கில் பொருந்தும் இடத்தில்தான் கசிவு. போன வாரம் ஒலக்கூர் பங்கில் பெட்ரோல் போட்டவர் வாசனை பிடித்துச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால்...

புது வாஷர் வைத்து முடுக்கிவிட்டு விரலால் தடவினேன். ஈரமில்லை. ஆனாலும் முகர்ந்து பார்த்தால்தான் நிச்சயம். கொரோனாவில் போன என் மூக்கு திரும்பவே இல்லை. என் மனைவி சரளா உயிரோடு இருந்தவரை, இடது சீட்டில் உட்கார்ந்ததுமே அவள் சொல்லிவிடுவாள்.

வேறு வழியில்லாமல் தெருமுனை டீக்கடை ரவியைக் கூப்பிட்டேன். நெட்டையான மனிதர். உடம்பை மடக்கி இடது சீட்டில் நுழைந்து உட்கார்ந்தார்.

“முட்டி இடிக்குது சார். சீட்டைப் பின்னால தள்ளிக்கட்டுமா?”

“வேணாங்க. அப்படியே உக்காந்துக்கினு சொல்லுங்க.”

குரல் கடுத்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்தார்.

“பெட்ரோல் வாசனையே இல்ல சார். தாராளமா ஓட்டுங்க.”

எங்கே ஓட்டுவது?

அவர் போனபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். சரளாவின் குட்டைக் காலுக்காக முன்னால் இழுத்துவைத்த சீட்டு, அதே இடத்தில்தான் இருக்கிறது.