அடைக்க அடைக்க ஏறும் சூடு

அன்பு மகள் ஒடிலுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல. அப்பாவின் முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு இருமல் விட்டுவிட்டது. நீ டூசான் பாலைவன வெயிலில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எழுது. இங்கே ஆற்றின் இரு ஓரமும் உறைந்துவிட்டது, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடுகிறது. உருளைக்கிழங்கெல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது. நூலகத்தில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் வேலையைக் குறைத்துவிட்டார்கள், ஆள் வருவதில்லையாம்; ஒருவிதத்தில் நல்லதுதான், ஆளில்லாத இடத்தில் படிக்கலாம். நீ தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்பதால் நம் பேச்சு பனி, குளிர் என்பதைத் தாண்டுவதில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அடுப்பு என்றுதான் இந்த வீட்டில் அதற்கு இப்போது பெயர். நீ மூன்று மாதம் படித்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்து, செப்டம்பரில் அப்பாவும் ரெயால் சித்தப்பாவும் தூக்கி வந்து வைத்தார்களே, புகையையே எரித்துச் சூடாக்கும், தேன்கூடு போலத் துளைகள் கொண்ட கட்டியை மேலே வைத்த அடுப்பு, அதேதான். பாதி விறகில் குளிர்காலம் போய்விடும் என்று நீ சொன்னாய். முதல் பனி விழுந்த வாரத்திலிருந்தே அது எங்களை மிரட்டத் தொடங்கியது. விறகை நிரப்பி அரை மணி நேரம் ஆவதற்குள் தேன்கூட்டின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும், ஆயிரத்து எழுநூறு டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கும் மேல். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தேன்கூடு முழுக்க ஆரஞ்சாகக் கனன்று கொண்டிருக்கும். சுவர் சுடும், பெயின்ட் கருகும் நாற்றம் வரும். அப்பா உடனே காற்றுக் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளி அடைப்பார். முப்பது வருடம் பழைய அடுப்பை அப்படித்தான் அடக்கினார், காற்றை நிறுத்தினால் நெருப்பு படுத்துவிடும். இது படுக்கவில்லை. அடைக்க அடைக்க முள் மேலேதான் ஏறியது. ஒருமுறை பயந்துபோய், புகையை நேரே வெளியே விடும் தட்டைத் திறந்துவிட்டார், புகைபோக்கியே உறுமியது. நான் தண்ணீர் வாளியோடு மாடிப்படியில் நின்றேன், எதன்மேல் ஊற்றுவது என்று தெரியாமல்.

அதன்பிறகு ஊர் முழுக்க இதே பேச்சு. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அப்பா எல்லோரிடமும், "எம் பொண்ணு புத்தகம் படிச்சு வாங்கி வெச்ச அடுப்பு, ஒரு நாளு கூரையோட எங்கள அனுப்பி வெக்கப் போவுது" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ரெயால் சித்தப்பா, "விடுண்ணே, என் வேட்டைக் குடிசையில போட்டுக்கறேன், அது எரிஞ்சாலும் நஷ்டமில்ல" என்றார். அடுத்த சனிக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துப் போவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. அடுப்பு போனால், நீ சொன்னது தப்பு என்பது இந்தப் பள்ளத்தாக்கில் நிலைத்துவிடும். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் அதைச் சொல்லித்தான் வரவேற்பார்கள், உனக்கு நாற்பது வயதானாலும் சொல்லுவார்கள். இங்கே ஒரு சிரிப்புக்கு எவ்வளவு ஆயுள் என்று உனக்கே தெரியும்.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அப்பா மரம் ஏற்றப் போகும் பகல் நேரங்களில் அடுப்பின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுப்பின் கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்தேன், நான்கு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டது, ஆக, திருட்டுக் காற்று அந்த வழியாக வரவில்லை. வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று கடையில் புதிது வாங்கி மாட்டினேன், அதுவும் அதையே சொன்னது. பிறகுதான் கொட்டகைக்குப் போய் விறகடுக்கின் முன்னால் நின்றேன். அப்பாவின் விறகடுக்கு எப்படியிருக்கும், உனக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே ஆண்பிள்ளையின் லட்சணத்தை விறகடுக்கில்தானே பார்ப்பார்கள். நான்கு வருடம் காய்ந்த மேப்பிள், ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமனுக்கு, அளந்து பிளந்தது போல. வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு மெல்லிய, அவ்வளவு காய்ந்த விறகை வாய்வரை நிரப்பினால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும். உடனே காற்றை அடைத்தால் தழல் அணைந்து எல்லாம் புகையாகும். அந்தப் புகைதானே தேன்கூட்டுக்குத் தீனி! அப்பா அதை அடக்குவதாக நினைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவர் செய்வது போலவே நிரப்பி, அடைத்து, முள் ஏறுவதைப் பார்த்தேன். சிவப்பைத் தொட்டதும் கைப்பிடியை மூன்றில் ஒரு பங்கு திறந்தேன். எரிகிற வீட்டில் கதவைத் திறப்பது போல இருந்தது. உள்ளே தழல் எழுந்தது, புகை கீழேயே எரிந்தது, பத்து நிமிடத்தில் முள் இறங்கத் தொடங்கியது. மறுநாள், பிளக்க வராது என்று அவர் கொட்டகைக்குப் பின்னால் எறிந்திருந்த முடிச்சுக் கட்டைகளில் மூன்றை மட்டும் போட்டேன். நாள் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. வீடு முழுக்க நல்ல கதகதப்பு. சாயங்காலம் அப்பா வந்ததும் காட்டினேன். குனிந்து கண்ணாடி வழியாகக் கட்டைகளைப் பார்த்தார். "கட்டை ஈரம், அதான்" என்றார்.

சனிக்கிழமை ரெயால் சித்தப்பா வண்டியோடு வந்தார். ப்ளோய் அப்பம் சுட்டு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அவரை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, "வேணாம்டா, சரி பண்ணிட்டேன். பெரிய கட்டையாப் போட்டு, காத்தைக் கொஞ்சம் தொறந்து வெக்கணும். இதெல்லாம் புத்தகத்துல இருக்காது, கைப்பழக்கம்" என்றார். சித்தப்பா, "உன் கை பட்டா இரும்பும் அடங்கிடும்ணே" என்றவர், என் பக்கம் திரும்பி, "அண்ணி குடுத்து வெச்சவங்க" என்றார். நான், பாகு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான், ஒடில். செப்டம்பரில் நீ இதே மேசையில், இந்த அடுப்புக்கு விறகை இவ்வளவு சின்னதாகப் பிளக்காதீர்கள் அப்பா என்று சொன்னபோது, "வெறகு பொளக்க யுனிவர்சிட்டி எனக்குச் சொல்லித் தரணுமா? ஒரு குளிர்காலம் முழுசா இந்த வீட்டுக்கு வெறகு சுமந்திருக்கியாடி நீ?" என்று சித்தப்பா எதிரில் உன்னைக் கேட்டாரே, அப்போது நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். பத்து வயதிலிருந்து நீ சுமந்த விறகை அடுக்கி வைத்தவள் நான். நான் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் கழித்து நீ கிளம்பினாய், அப்பாவோடு சண்டை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அவரும் அப்படித்தான் நினைக்கிறார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். அந்த வயதில் இந்த வீட்டில் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தேனோ, நாற்பதிலும் அப்படியே இருக்கிறேன். இத்தனை புத்தகம் படித்து என்ன? அவருடைய பொய்யை விட என் வாய்தான் இப்போது எனக்குக் கசக்கிறது. நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கே சரி.

இதுவரை எழுதிவிட்டு, மேசைமேல் திறந்தபடியே வைத்துவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போனேன். வேண்டுமென்றேதான். திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து முடித்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார். பிறகு ஒரு வரிமேல் விரலை வைத்து, "மூணுல ஒரு பங்குன்னு எழுதியிருக்க. கால் பங்குதான்" என்றார். நான், "மூணுல ஒரு பங்குதான், தொறந்தது நானு" என்றேன். இந்த வீட்டில் அவருக்கு எதிராக நான் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் ஒரு கைப்பிடியைப் பற்றி. வரியைத் திருத்தவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. வருவதானால் கடைசி நேரத்தில் சொன்னாலும் போதும். வராவிட்டால் லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே, உண்மைக் காரணத்தையே எழுது, உறைமேல் எங்கள் இருவர் பெயரையும் போடு. கடவுள் உன்னை நல்ல உடம்போடும், என்னிடம் இல்லாத வாயோடும் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
கொரின்