ஆரும் பார்க்காத படம்

தேற்றாத்தீவு,
02.05.2025

அன்பான தங்கைச்சி தேன்மொழிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறேன். போனில் நீங்கள் "அக்கா" என்றதும் எனக்கு அழுகை வந்து பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வாவியைப் பற்றி நீங்கள் எடுத்த படத்தின் முன்னோட்டம் இங்கே எல்லாருடைய போனிலும் ஓடுகிறது. நீங்கள் அலையாத்தி என்கிற கண்ணா மரங்கள் இருந்த வாவிக்கரையில் நான் நின்று, "என்ட அண்ணன்தான் கண்ணாக்காட்ட வெட்டி மண் போட்டு நிரப்பினவர். மறுகா எங்க இறால் வாற?" என்று சொல்வதைச் சந்தியில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம். அண்ணர் நல்லரத்தினம் என் படலையைக் கடந்துதான் கடைக்குப் போகிறார், முகம் பார்ப்பதில்லை. அந்த நிலத்தில் அவர் கட்டுவது வேறு யாருக்குமல்ல, என் மகள் ஆர்த்திகாவுக்குச் சீதன வீடு. ஆவணியில் கலியாணம். அது தெரிந்தும் வாயை விட்டேனே, என்னை எதால் அடிக்க?

கமராவைக் கண்டு நான் பயந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இது டாக்குமென்டரி அக்கா. பாட்டு இல்ல, ஃபைட்டு இல்ல. தியேட்டரே குடுக்க மாட்டாங்க. யாரு பாக்கப் போறா?" அதை நம்பித்தான் பேசினேன். மும்பைப் பட விழாவில் காட்டுமுன் என்னைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்பு அக்கா,
சின்னத்தங்கம்

சென்னை,
17.05.2025

அன்புள்ள தங்கம் அக்கா,

நான் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எங்கள் படங்களை எடுத்தவர்களும் நாங்கள்தான், பார்த்தவர்களும் நாங்கள்தான். கல்லூரி அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். சினிமா என்கிற கல்யாண வீட்டில் எங்களுக்கு எப்போதும் கடைசிப் பந்தி. இப்போதுதான் முதல்முறையாக, கதைப்படங்களோடு ஒரே வரிசையில், பெரிய திரையில், டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

வாவி பாழானதற்கு எல்லோரும் அடுத்தவனைக் கை காட்டினார்கள். நீங்கள் ஒருவர்தான் சொந்த வீட்டைக் காட்டினீர்கள். உங்களை எடுத்துவிட்டால் அது வெறும் தண்ணீர்ப் படம். முகத்தை மறைத்துவிடுகிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள்,
தேன்மொழி

தேற்றாத்தீவு,
03.06.2025

அன்பான தங்கைச்சிக்கு,

முகத்தை மறைத்து என்ன செய்ய? நான் இருமினாலே ஊர் என்னை அறியும்.

காணி அதிகாரிகள் வந்து அளந்து போனார்கள். வாவியை நிரப்பியது உண்மையென்றால் வீட்டை இடிப்பார்களாம். அண்ணர் மேல் வழக்கும் வருமாம். நேற்று அண்ணர் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தங்கச்சி, நீ சொன்னதத் தவிர அவங்களிட்ட ஒரு சாட்சியுமில்ல. அந்தப் படக்காரப் புள்ள சொல்லித்தந்ததத்தான் சொன்னனான் எண்டு எழுதிக் கையெழுத்து வை. மிச்சத்த நான் பாக்கிறன்" என்றார்.

இந்த மாதக் கடைசியில் விசாரணை. ஆர்த்திகா என்னோடு பேசுவதில்லை, சோறும் தின்பதில்லை. நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

சின்னத்தங்கம்

சென்னை,
14.06.2025

அக்கா,

முன்னோட்டத்தை நீக்கிவிட்டேன். ஆனால் ஊரார் போனில் இருப்பதை என்னால் அழிக்க முடியாது.

கையெழுத்து மட்டும் வைக்காதீர்கள். கதைப்படத்தில் 'வசனம் யார் எழுதியது?' என்று கேட்டால் அது பாராட்டு. எங்கள் படத்தில் அந்தக் கேள்வி வந்தால் படம் செத்தது. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்காதவள் என்ற பெயரைத் தவிர நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறேன், வேறு வழி பார்ப்போம். கெஞ்சிக் கேட்கிறேன் அக்கா.

தேன்மொழி

தேற்றாத்தீவு,
01.07.2025

தேன்மொழிக்கு,

கையெழுத்து வைத்துவிட்டேன். உங்கள் கடிதம் பிந்தி வந்தது என்று எழுதலாம், மனம் வரவில்லை. படித்துவிட்டுத்தான் போனேன்.

"அந்தப் பிள்ளை சொல்லித்தந்ததையா சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார். "ஓம்" என்றேன். வீட்டை இடிக்கிற பேச்சு நின்றது. மத்தியானம் அண்ணர் வந்து என் கையால் சோறு தின்றார். எனக்குத்தான் இறங்கவில்லை.

மும்பையில் உங்களை என்ன கேட்பார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். நீங்களும் எனக்குப் பிள்ளை மாதிரித்தான், தங்கைச்சி. ஆனால் ஆர்த்திகா என் பிள்ளை.

ஊரறியப் பொய் சொன்னவள் உங்களுக்காவது மெய்யைச் சொல்ல வேண்டும். அன்று நான் சொன்னது முழுக்க என் வாயிலிருந்து வந்தது. ஒரு சொல்லும் நீங்கள் தரவில்லை.

இந்தக் கடிதத்தைக் காட்டினால் உங்கள் படம் பிழைக்கும், என் மகளின் வீடு விழும். என்ன செய்வீர்களோ, என்னைக் கேட்காதீர்கள். இனி எழுதவும் வேண்டாம்.

சின்னத்தங்கம்