ஐந்தாம் பனையில் உம்முடைய முறை

எந்த உலகத்துக்குப் போனாலும் வாய் ஓயாத என் மலர் மச்சாளுக்கு,

உம்முடைய ஆண்டுத் திவசம் வருகிறது. இவர் ஐயருக்குச் சொல்லிவிட்டார். மரவள்ளிக்கிழங்குக் கறி கட்டாயம் வைக்க வேண்டுமென்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார், உம்முடைய விருப்பம் எனக்குத் தெரியாதது போல. தங்கச்சியை இழந்த மனிசனோடு நான் என்ன வாதாடுவது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுத்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில் உம்மை "அமைதியே உருவானவர்" என்று போட்டிருந்தார்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன், சிரித்த வாயோடே அழுதேன். உம்மை அறிந்த ஒருவராவது அதைத் திருத்தியிருக்கக் கூடாதா? நீர் தட்டு எறிந்ததைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. அதனால்தான் இதை நான் எழுதுகிறேன், நாலு பேர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

கனடாவிலிருந்து நீர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பெட்டியில் சொக்லேட்டும் சேலையும் இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தால் பிளாஸ்ரிக் தட்டுகள். டிஸ்க் கோல்ஃப் என்றீர். உமக்குச் சீதனமாக எழுதின வேலணைப் பனங்காணியில் ஒன்பது பனைகளைத் தெரிந்தெடுத்து, நெஞ்சளவு உயரத்தில் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்புப் பட்டை அடித்தீர். தட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து திரும்ப எறிந்து, பட்டையில் படவைக்க வேண்டும். குறைய எறிந்தவருக்கு வெற்றி. அவ்வளவுதான் சட்டம்.

நயினாதீவுக்குப் போக வள்ளம் பிடிக்கிற சனம் பஸ் ஜன்னலால் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஐம்பது வயதுப் பெண்கள் இரண்டு பேர் பனைக்குப் பனை தட்டெறிந்து சண்டை பிடித்தால் பார்க்காமல் என்ன செய்யும்? நீர் அவர்களுக்குக் கையும் காட்டினீர். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

போன பங்குனியில் தலையிடிக்கிறது என்று படுத்தீர். எழும்பவில்லை.

முப்பத்தொன்று முடிந்த பிறகு ஒரு பின்னேரம் தட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தனியே காணிக்குப் போனேன். ஏன் போனேன்? வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். முதலாம் பனையில் நின்று எறிந்தேன். தட்டு போய் விழுந்தது. "கண்ணைத் திறந்து எறியும்" என்று சொல்ல ஆளில்லை. விளையாட்டு என்பது இவ்வளவு சத்தமில்லாத வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதுதான் நீர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. நீர் வந்த புதிதில் கிணற்றடியில் வைத்து நான் கேட்டேன் அல்லவா?

"அங்க ஆரோட விளையாடினனீர்?"

"உம்மோட."

"விசர்க் கதை விடாதேயும்."

"உண்மையா. சிவப்புத் தட்டு நான், நீலம் நீர். எனக்கு இடக்கை, உமக்கு வலக்கை. நீர் எப்பவும் தோத்தனீர்."

கனடாவில் கால் வைக்காமலே இருபது வருஷம் தோற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தோம். உமக்கு வாய்த்தது இடக்கை. உம்மோடு ஆடிய நீலத் தட்டுக்காக நீர் வராத வலக்கையால் எறிந்திருக்கிறீர். தோற்காமல் நான் என்ன செய்வேன்?

"தனிய ஆடேக்கதான் பிழை தெரியும்," என்றும் சொன்னீர். "ஆள் பக்கத்தில நிண்டா கையை விட வாய்தான் கூட வேலை செய்யும்."

அதனால் தனியே ஆட நீர் சொல்லித் தந்தபடியே செய்தேன். சில நாளைக்கு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தட்டு எறிந்து, எது மோசமாக விழுந்ததோ அங்கிருந்துதான் அடுத்ததை எறிவது. முதல் நாள் அப்படி ஆடி முடிக்க இருட்டிவிட்டது. பிறகு சின்னத் தட்டு ஒன்றோடு மாத்திரம் முழு ஆட்டமும் ஆடிப் பார்த்தேன்; பனைக்குக் கிட்ட நின்று எறிவது அதில்தான் திருந்தியது. எறியுமுன் எங்கே விழும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எறியச் சொன்னீர். அதையும் செய்தேன். நான் எவ்வளவு பொய் சொல்கிறவள் என்று பனைகளுக்குத் தெரியும்.

பலன் இருக்கிறது, மச்சாள். கை திருந்துகிறது. எதற்குத் திருந்துகிறது என்று மாத்திரம் கேட்காதேயும். ஆரோடு போட்டிக்குப் போகப் போகிறேன்?

கடைசியில் நீர் ஆடியது போலவே ஆடத் தொடங்கினேன். நீலம் நான், வலக்கை. சிவப்பு நீர், இடக்கை. என் இடக்கையைப் பற்றி உமக்குத் தெரியும். தேங்காய்ப் பாதியைத் துருவலையில் பிடிக்கவும் உதவாத கை. சிவப்புத் தட்டு நிலத்தில் உருண்டது, வேலியில் செருகியது, ஒருநாள் ஆட்டின் முதுகில் விழுந்தது. நீர் தோற்றுக்கொண்டேயிருந்தீர். எனக்கு அது பொறுக்கவில்லை. உம்மைத் தோற்க விடக்கூடாது என்பதற்காகவே அந்தக் கையைப் பழக்கினேன்.

ஒருநாள் இவர் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆரோட கதைக்கிறீர்?" என்றார்.

"உங்கட தங்கச்சியோடதான்."

வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். நான் தனியே ஆடுகிறேன் என்று இரங்கி வந்த மனிசன். சிவப்புத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பெல்லாம் உம்முடைய பனைகள் போட்ட கீறல்.

"இது அவளின்ர. எனக்கு ஏலாது," என்று மெல்ல நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இனி ஐந்தாம் பனைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பனைக்கு முன்னால் இளம் பனை வடலிக் கூட்டம் நிற்கிறது. நேரே எறிந்தால் வடலிக்குள் விழும். எடுக்கப் போனால் மட்டைக் கருக்குக் கையைக் கிழிக்கும். என் வலக்கைத் தட்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விடும். உம்முடைய இடக்கைக்கு மாத்திரம் அது வழிவிடும். காற்றை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு எறிவீர். தட்டு வடலிக்கு இடப்பக்கத்தால் வெளியே போகும். தொலைந்தது என்று நான் நினைக்கும்போது வலப்பக்கம் வளைந்து வந்து பட்டையில் படும். ஒரே எறி. திரும்பி என்னைப் பார்ப்பீர். அந்தப் பார்வைக்காகவே உம்மை அடிக்கலாம் போலிருக்கும்.

போன கிழமை வாடைக் காற்று அடங்கிய ஒரு பின்னேரம். ஐந்தாம் பனை. நீலத்தை எறிந்தேன், வெங்காயத்துக்குள் போனது. சிவப்பை இடக்கையில் எடுத்தேன். எறிந்தேன். வெளியே போனது. வளைந்தது. வந்தது. டொக் என்று பட்டையில் பட்டது.

"மச்சாள்!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.

மலர், ஒருவரும் இல்லை.

நீர் இல்லையென்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செத்தவீட்டில் தெரியவில்லை, கீரிமலையில் சாம்பல் கரைத்தபோதும் தெரியவில்லை. அந்த எறி உம்மால் மாத்திரம்தான் முடியும் என்று இருந்தவரைக்கும் அந்த இடம் உமக்காகக் காலியாகக் கிடந்தது. இப்போது என் கை அங்கே போய்விட்டது. பழகிப் பழகி நானே உம்மை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டேன். நன்றாக எறிந்ததற்காக ஒருத்தி பனையைக் கட்டிப்பிடித்து அழுதாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஒன்று கேட்கிறேன். அந்தக் குளிர் நாட்டில், கட்டினவரும் விட்டுப் போன பிறகு, இரவு வேலை முடித்து வந்து ஆளில்லாத பூங்காவில் நீர் எனக்காக வலக்கையால் எறிந்தீரே. இருபது வருஷத்தில் ஒருநாளாவது அந்த நீலத் தட்டு நேராகப் போய் விழுந்ததா? விழுந்திருந்தால், திரும்பிப் பார்த்தீரா? என் பேரைச் சொல்லிக் கத்தினீரா? கத்திவிட்டு அந்த வெறும் புல்லில் எவ்வளவு நேரம் நின்றீர்? நான் எப்பவும் தோற்றேன் என்றீரே, அது நீர் வேண்டுமென்றே செய்ததா? நான் வென்றால் திரும்பிப் பார்க்க வேண்டி வரும் என்ற பயமா?

கிணற்றடியில் நீர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னபடியால் நானும் சிரித்தேன். தனியே ஆடுவதற்கு இத்தனை வழி தெரிந்த மனிசி எவ்வளவு தனியாக இருந்திருப்பாள் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. இப்போது எட்டி என்ன? நீர் சொல்லித் தந்த வழியெல்லாம் கைக்கு உதவுகிறது. மற்றதற்கு ஒரு வழியும் நீர் சொல்லித் தரவில்லை. உமக்கும் தெரிந்திராது.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு நான் காணிக்குப் போகவில்லை. தட்டுப் பை அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிறது.

திவசம் முடியட்டும், போவேன். போகாமல் இந்த வீட்டுக்குள் இருந்து என்ன செய்ய? ஆனால் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். ஐந்தாம் பனையில் என் இடக்கை இனி எறியாது. அந்த எறி உம்முடையது. சிவப்புத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, நீர் காற்றைத் திட்டுகிற நேரமளவுக்கு நிற்பேன். பிறகு என்னுடையதை எறிந்து வெங்காயத் தோட்டத்துக்குள் தேடப் போவேன்.

குறைய எறிந்தவருக்குத்தான் வெற்றி என்று நீர்தானே சொன்னீர். நீர் இனி எறியப் போவதேயில்லை, மச்சாள். உம்மை வெல்ல ஆருக்கு ஏலும்?

கனடாவிலும் தோற்று, வேலணையிலும் தோற்ற
உம்முடைய மச்சாள்,
பவானி