கையில் போட்ட சாக்ஸ்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இஸ்திரிக் கடைக்குக் குழந்தைத் துணிகள் வந்திருந்தன. சட்டைக் கையின் நுனியை மடித்து மூடித் தைத்திருந்தார்கள், விரல் வெளியே வராதபடி. "இல்லன்னா முகத்தைக் கீறிக்கும்மா" என்றார் முதலாளி. அவ்வளவு சின்னத் துணிக்கு இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மட்டும் போதும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. துணி என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

மதியம் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து போன். அம்மாவுக்கு மருத்துவமனை கேன்டீனில் வேலை, எடுக்கவில்லையாம். நான் போனேன்.

அப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். எலக்ட்ரீஷியனாக இருந்தவரை அப்படித்தான் செய்வார். எந்தச் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்பும் மெயினை அணைப்பார். எல்லாம் மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை. மேல்மாடியில் ஓர் அம்மா ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். யாரோ ஓடிப்போய் மறுபடி போட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் மேடம் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால வச்சிக்க முடியாதும்மா. கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

வீட்டில் மறுபடியும் நானும் அப்பாவும் மட்டுமா? அப்போது வாயில் வந்தது இது: "வீட்ல நாங்க கையில சாக்ஸ் போட்டு விடுவோம் மேடம். அமைதியா இருப்பாரு."

பொய். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

செய்திருக்கிறார்கள். தடித்த கம்பளிச் சாக்ஸ், மணிக்கட்டில் எலாஸ்டிக் பட்டி. கூடத்தில் சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அதில் ஒன்றில் அப்பா.

அங்கே உதவிக்கு இருக்கும் அக்கா எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். நான் மனதுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிரிப்பு அக்கா. "உன் ஐடியா பிரமாதம்டி. காலைலேர்ந்து மனுஷன் ஒரே இடத்துல. நானும் ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பகல் முழுக்க ஒருத்தியாக எல்லோரையும் பார்க்கிறார்.

அப்பா மடியில், நாற்காலிக்கு அடியில், பக்கத்து நாற்காலியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், என் கையை எங்கயோ வச்சிட்டேன். நீங்க பாத்தீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

மார்ச் 8, சனி

அம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 12, புதன்

இன்னும் சொல்லவில்லை.

இல்லத்தில் அப்பாவோடு இருக்கும் டீச்சரம்மாவுக்கும் போட்டுவிட்டார்கள். உடையின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருப்பார், வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. "எல்லாருக்கும் ஒத்து வருதுடி" என்றார் சிரிப்பு அக்கா.

டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "நகம் வெட்டியிருக்கியா? காட்டு" என்றார். காட்டினேன். திருப்பிக் காட்டு என்றார், திருப்பினேன். பிறகு, இப்படித்தான் நீட்ட வேண்டும் என்று காட்டத் தன் கைகளை நீட்டினார். இரண்டு சாம்பல் நிற உருண்டைகள். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

அப்பாவுக்கு நான் செய்தது சரி, என் அப்பா. இந்த அம்மா எனக்கு என்ன செய்தார்?

இல்லை, அப்பாவுக்குச் செய்ததும் சரியில்லை. ஏன் அப்படி எழுதினேன்?

மார்ச் 17, திங்கள்

மேனேஜர் மேடம் போன் செய்தார். புதன்கிழமை இல்லத்தின் தரத்தை மதிப்பிட ஒருவர் வருகிறாராம். குடும்பத்தினர் யாரிடமாவது பேச வேண்டும் என்பாராம்.

"நீ வாம்மா. உங்கம்மா வேணாம், அவங்க ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவாங்க. நீதான் அமைதியான பொண்ணு."

பள்ளிக்கூடத்தில்கூட இதைத்தான் சொல்வார்கள். அமைதியான பொண்ணு. அங்கே எதற்கும் என்னைத் தேர்ந்தெடுத்ததில்லை.

மார்ச் 19, புதன்

முழுதாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் என் ஞாபகத்தில் நான் நல்லவளாக மாறிவிடுவேன்.

வாசலில் பூந்தொட்டி. கட்டில்களில் மடிப்புக் கலையாத புது விரிப்பு. நாற்காலிகளைச் சுவரிலிருந்து எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். டீச்சரம்மா உட்கார மறுத்துவிட்டார். அவருடைய நாற்காலி இருந்த இடத்தில், சுவரில் சாய்ந்து நின்றார். "என் இடத்தை யாரு எடுத்தது? எடுத்தவங்க எழுந்திரிங்க." சிரிப்பு அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "செல்லம், இன்னைக்கு மட்டும் வாங்க. நாளைக்கு உங்க இடத்தை உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேன்."

யார் கையிலும் சாக்ஸ் இல்லை.

மதிப்பிட வந்தவர் ஒரு பெண்மணி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெரிய அதிகாரி மாதிரி இல்லை. பூந்தொட்டியைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்க்கவில்லை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்து முகங்களை மட்டும் பார்த்தார். ஒருவர் முகத்தைப் பார்ப்பார், ஏதோ குறிப்பார், அடுத்தவர் முகத்துக்குப் போவார். காலை முழுக்க அதேதான். அங்கே இருப்பவர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டையே வாங்கிச் சாப்பிட்டார். அவர்கள் உறிஞ்சிக் குடிக்கும் மூக்கு வைத்த குவளையில் கொடுத்த தேநீரை மட்டும் சாதாரணக் கோப்பையில் கேட்டார். "இதுல எனக்குக் குடிக்க வரலைங்க" என்றார். மேனேஜர் மேடம் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை.

அப்பா தன் கைகளை மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"என்னங்க பாக்குறீங்க?"

"கிடைச்சிடுச்சு" என்றார் அப்பா.

"எது கிடைச்சுது?"

அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

"எலக்ட்ரீஷியன் இல்லையா, டெஸ்டரைச் சொல்றாரு" என்றார் மேனேஜர் மேடம். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. இல்லை, சிரிப்பு அக்காவுக்கும் புரிந்திருக்கும். அவர் ஜன்னல் திரையைச் சரி செய்யப் போய்விட்டார்.

பிறகு மதிப்பிட வந்தவர் என்னைத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அப்பாவை இங்க நல்லா பாத்துக்குறாங்களா?"

"ம்."

"உனக்கு எதாவது மனசுல இருக்கா?"

"இல்ல."

"மணிக்கட்டுல செவப்பா ஒரு கோடு இருக்கே."

"வாட்ச் கட்டுவார்."

"ரெண்டு கையிலயுமா?"

"மாத்தி மாத்திக் கட்டுவார்."

என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். இவ்வளவு வேகமாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. கடைசியில், "எங்களுக்கு முழு திருப்திதான் மேடம்" என்று கேட்காமலே சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சாக்ஸைக் கழற்றுவார்கள். கழற்றினால் அப்பா மெயினுக்குப் போவார். போனால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீடு என்றால் நான். நான் பள்ளிப் படிப்பை விட்டதுகூட அதற்குத்தான். பூட்டின கதவு, குளிக்க வைக்கும்போது அவர் என்னை யாரோ என்று நினைத்துக் கூச்சப்படுவது, இடுப்புத் துண்டோடு தெருவில் நடப்பவர் பின்னால் ஓடுவது. ஒருநாள் எதிரே என் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். நான் ஒரு கடைக்குள் நுழைந்து பென்சில் பார்ப்பது போல நின்றேன். அப்பா தனியாகப் போனார்.

போகும்போது மதிப்பிட வந்தவர் தன் கார்டைத் தந்தார். "எதாவது ஞாபகம் வந்தா கூப்பிடு."

மார்ச் 20, வியாழன்

ஞாபகம் வராமல் எங்கே போகும்.

மார்ச் 28, வெள்ளி

இல்லத்துக்கு 'மிக நன்று' கிடைத்துவிட்டது. வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அறிக்கையில் என் பேச்சும் வந்திருக்கிறதாம். மேனேஜர் மேடம் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினார்: 'உறவினர் முழு மனநிறைவு தெரிவித்தார்.'

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "எம் பொண்ணு வாயைத் தொறந்தே பேசிட்டாளா" என்று என் தலையைத் தடவினார். பக்கத்து வீட்டு அத்தையிடமும் சொன்னார். நான் குளியலறையில் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மறுபடி சாக்ஸ். இப்போது அப்பா அதோடுதான் தூங்குகிறாராம்.

யாரும் பார்க்காதபோது வலது கையிலிருந்து கழற்றினேன். நாற்றம். விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. விரல்கள் விரியவில்லை. உள்ளே சாக்ஸ் இருப்பது போலவே உருண்டையாக வைத்திருந்தார். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். பிடிக்கவில்லை. டம்ளர் மடியில் விழுந்து கால் வரை நனைந்தது.

"ஸாரி மேடம்" என்றார் அப்பா.

அப்பா, நான்தான்ப்பா. நான்தான் சொன்னேன். உங்க கையை நான்தான் எடுத்தேன்.

இதை அங்கே சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வேறு யாரோ ஓர் ஆண் எடுத்தார். யாரு வேணும், யாரு வேணும் என்றார். வைத்துவிட்டேன். அவர் பெயரைச் சொல்லக்கூட முடியவில்லை. வாட்ச் என்று சொன்னபோது மட்டும் எப்படி வந்தது?

ஏப்ரல் 3, வியாழன்

நேரில் போனேன். கடை முதலாளியிடம் வயிற்று வலி என்றேன். இன்னொரு பொய்.

மதிப்பீட்டாளரின் அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே. படியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். என்னைக் கண்டதும் அவரே எழுந்து வந்தார். எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னேன். சாக்ஸ், டீச்சரம்மா, விரல். முக்கியமாக, அந்த வழியைச் சொன்னது நான் என்பதை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அல்லது, நல்ல பொண்ணு என்பார் என்று. இரண்டும் இல்லை.

"நீ இப்ப சொன்னதை எழுதிக்கிறேன். அன்னைக்குச் சொன்னதை அழிக்க மாட்டேன். ரெண்டும் இருக்கும்" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தக் கோட்டை நான் பாத்தேம்மா. ரெண்டு கையிலயும் யாரும் வாட்ச் கட்ட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ திருப்தின்னு சொன்னே, எனக்கும் வேலை முடிஞ்சா போதும்னு இருந்துச்சு" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு லேசாகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்தோம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. கடைசித் துணிவரை மடித்தார்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ அன்னைக்கே அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பே."

"ஆமா, வந்திருப்பேன். அது தெரிஞ்சுதானே சொல்லல."

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா பேசவில்லை. என் பங்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறார்.

ஏப்ரல் 9, புதன்

மதிப்பீட்டாளர் சொல்லாமல் இல்லத்துக்குப் போய் இறங்கிவிட்டார், மாலைத் தேநீர் நேரத்தில். கூடம் முழுக்கச் சாக்ஸ் கைகளாம். பேனரைக் கழற்றிவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கயிறு மட்டும் கேட்டில் தொங்குகிறது.

சிரிப்பு அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் மேடம் அங்கேயேதான் இருக்கிறார். நான் உள்ளே போகும்போது அக்கா பையோடு வெளியே வந்தார். முதல் தடவையாகச் சிரிக்காமல் பார்த்தேன், வேறு ஆள் போல இருந்தார்.

"சொல்லிக் குடுத்ததும் நீ, காட்டிக் குடுத்ததும் நீ. நல்லா இருடிம்மா."

மன்னிச்சிடுங்க அக்கா என்று சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இனி யார் கையையும் மூடக் கூடாது. அதனால் அப்பாவுக்குக் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும், தங்களிடம் ஆள் இல்லை, மாதக் கடைசியில் அழைத்துச் சென்றுவிடுங்கள் என்று மேனேஜர் மேடம் சொல்லிவிட்டார். மதிப்பீட்டாளர் வேறோர் இல்லத்தில் பேசிப் பெயரைப் பதிந்திருக்கிறார். இடம் வந்தால் கூப்பிடுவார்களாம். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் வருகிறது. அன்றைக்கே நடந்திருந்தால் அப்பா விரல்களோடு வந்திருப்பார்.

அம்மா இன்று பேசினார். "காலைல நீ. மத்தியானத்துலேர்ந்து நான். கேன்டீன்ல ஷிப்ட் மாத்திக் கேட்டிருக்கேன். உங்க முதலாளிகிட்ட நீயே பேசு, வயித்து வலின்னு சொல்லாதே."

அவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 16, புதன்

முதலாளியிடம் பேசினேன். அப்பாவுக்கு மறதி நோய் என்று வெளியாள் ஒருவரிடம் சொன்னது இதுவே முதல் தடவை. "சரி, மதியம் வா. வேட்டியும் போர்வையும் உனக்குன்னு எடுத்து வைக்கிறேன்" என்றார். கனமானதெல்லாம் எனக்கு.

மே 2, வெள்ளி

அப்பா வந்து மூன்றாம் நாள்.

மதியம் கிளம்பச் சட்டையை மாட்டிவிட்டுப் பித்தானில் கை வைத்தேன். என் கையைத் தள்ளிவிட்டார். சரி என்று எதிரில் உட்கார்ந்தேன். இடது கைதான் கொஞ்சம் கேட்கிறது, வலது இன்னும் மடங்கியேதான் இருக்கிறது. ஒரு பித்தானைப் பிடிப்பார், நழுவும், மறுபடி தேடுவார். எழுந்து போட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை. அப்பாவை என்னிடமிருந்து அழைத்துக்கொள்ள அம்மா மருத்துவமனை வாசலில் காத்துக்கொண்டிருப்பார், எனக்குக் கடைக்கு நேரமாகிறது. வாயில் விரலை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போட்டு முடித்தார். ஓர் ஓட்டை தள்ளிப் போட்டதால் சட்டை ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. கழுத்தருகே கோணலாக நின்றது.

"போலாமா மேடம்?" என்றார்.

தெருவில் இறங்கினோம். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் எல்லோரும் வெளியே. இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள். எனக்குக் காது வரை சுட்டது. பென்சில் கடை திறந்துதான் இருந்தது.

அப்பாவின் மடங்கிய கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரை நடந்தேன்.