மெமோவில் இருந்த ஒரு வார்த்தை

அன்புள்ள பெரியவளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. உன் சுகத்தை எழுது, போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பாட்டுதான் பாடுகிறாய்.

ஆபீசில் எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், பயப்படாதே. எங்கள் ரெக்கார்டு ரூமில் சீட்டு எழுதித் தராமல் யாருக்கும் ஃபைல் கொடுப்பதில்லை, உனக்குத் தெரியும். புதிதாக வந்த அதிகாரி போனிலேயே கேட்டார், சீட்டு அனுப்புங்க சார் என்றேன், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் 'அப்ஸ்ட்ரக்டிவ்லி' நடந்துகொண்டேனாம். உன் பழைய அகராதியைப் புரட்டினேன், காரியம் நடக்கவிடாமல் வேண்டுமென்றே தடுக்கும் விதமாக என்று போட்டிருந்தது. எனக்குப் புரிந்தவரை வழியை அடைத்துக்கொண்டிருக்கிற பீரோவுக்கு அந்த வார்த்தை பொருந்தாது, தெரிந்தே மறித்து நிற்கிற ஆளுக்குத்தான் பொருந்தும். அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம், டிவிக்கு முன்னால் துணி மடித்தால்கூட அந்த வார்த்தையைச் சொல்லித்தான் என்னை நகரச் சொல்கிறார்.

நான் விதிப்படிதான் செய்தேன், இந்த வார்த்தை எனக்குப் பொருந்தாது என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஏனென்றால் ஒரு தடவை பொருந்தியிருக்கிறது. நீ வேலைக்காக வெளிநாடு கிளம்பும் சமயத்தில் உன் டிகிரி சான்றிதழ் காணாமல் போனதே, அது காணாமல் போகவில்லை. ஒன்பது நாளும் என் தையல் மெஷின் டிராயரில்தான் இருந்தது, வைத்தது நான். உன்னோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடவும் செய்தேன். நீ சாப்பிடாமல் அழுதது பொறுக்காமல்தான் பழைய பில்களுக்கு நடுவில் கிடந்தது என்று எடுத்து நீட்டினேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு, நீ இல்லன்னா நான் என்னம்மா பண்ணுவேன் என்றாய். ஆறு வருஷமாக அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போது அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிப்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறாய். அதை எடுத்து மேஜைமேல் வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தினமும், இன்னிக்குத் தபால் ஆபீஸ் பக்கம் போறியா என்று மட்டும் கேட்டார். இன்று போகிறேன், இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது, பார்த்துப் பிரி. உன்னை அனுப்ப எனக்கு அன்றும் மனசில்லை, இன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். கிடைத்ததும் போன் பண்ணு. திட்டுவதற்காக இருந்தாலும் சரி, உன் குரல் கேட்டால் போதும்.

உன் அம்மா