பூஜ்யம் கழுவிய குடுவை

பிப்ரவரி 3
காபிக் குடுவை கழுவும் முறை இன்றும் எனக்கே. அலுவலகத்தில் ஏழு பேர். யார் கழுவுவது என்று தினமும் எண் எடுப்பது எங்களில் மூத்தவரான டெல்பர்ட் எழுதிய கணினி நிரல். அது பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அகரவரிசையில் ஆக்னஸ் முதல், அதனால் நான் பூஜ்யம்.

பிப்ரவரி 6
மறுபடி நான்.
“உன் தலையெழுத்து, ஆக்னஸ். கோடித் தடவை சோதிச்சாச்சு, ஒன்னுகூடத் தப்பல” என்றார் டெல்பர்ட்.
சோதித்தது நான்தானே. ஆனால் எதைச் சோதித்தேன்? வரும் எண் பூஜ்யத்திலிருந்து ஆறுக்குள் இருக்கிறதா என்று மட்டும். எது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணவே இல்லையே.

பிப்ரவரி 7
எண்பதாயிரம் தடவை ஓட்டினேன். மற்றவர்களுக்குச் சுமார் பத்தாயிரம், எனக்கு இருபதாயிரம்!
நிரல் எடுப்பது பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டு எண்களில் ஒன்றை; நாங்களோ ஏழே பேர். ஏழு வந்தால் எறிந்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். மனுஷன் வீணாக்க மனமில்லாமல் அதையும் பூஜ்யமாக்கி என் தலையில் கட்டியிருக்கிறார்.
குடுவை போகட்டும். வங்கிகளுக்கு ரகசியச் சாவி எண் எடுப்பதும் இதே நிரல். சில எண்கள் அடிக்கடி வந்தால் திருடன் அங்கேதான் முதலில் தேடுவான். 28ஆம் தேதி இது வெளியே போகிறது, சோதனைத் தாளில் என் கையெழுத்தோடு.
டெல்பர்ட்டிடம் சொன்னேன். “ஏழே பேருங்கறதால தெரியுது. வங்கிக்கு எடுக்கற நிஜ எண் எவ்ளோ பெரிசு. கடல்ல கரைச்ச பெருங்காயம்” என்றார்.

பிப்ரவரி 10
பெயர்ப் பட்டியலை மாற்றி ஒட்டினேன். இனி பணி மூப்புப்படி, டெல்பர்ட்தான் பூஜ்யம்.
“மூத்தவருக்குத்தானே முதல் மரியாதை?”
டெல்பர்ட் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிப்ரவரி 13
டெல்பர்ட் கழுவினார்.

பிப்ரவரி 14
டெல்பர்ட்.

பிப்ரவரி 20
நான்காவது முறை. சட்டைக் கையெல்லாம் கறை.
“ஏதாவது விளையாடினியா?”
“நிரலை நான் தொடவே இல்ல. உங்க தலையெழுத்தா இருக்கும்.”
வீடு வந்துதான் சிரித்தேன். பிறகு பயம் — அவர் நிரலைத் திறந்து பார்க்காவிட்டால்? கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் வேலை இருக்குமா?

பிப்ரவரி 21
காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு நிஜ எண்ணை வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சிறிய எண்கள் எல்லாம் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தடவை வந்திருக்கின்றன.
“பெருங்காயம் கடல் பூரா நாறுது, ஆக்னஸ்.”
அவர் நிரலைத் திருத்தினார். நான் சோதனையைத் திருத்தினேன். இப்போது அது எண்ணவும் செய்கிறது.

பிப்ரவரி 28
டெல்பர்ட் பழைய அகரவரிசையை அவர் கையாலேயே ஒட்டினார்.
“மறுபடி நீதான் பூஜ்யம். பயமா இருக்கா?”
“இல்ல.”
சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு எண் எடுத்தோம். பூஜ்யம். நானே போய்க் குடுவையைக் கழுவினேன்.